ஜிம்னிக்கு 50 மி.மீ. சஸ்பென்ஷன் லிஃப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் உயரமான ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டு வண்டியை உயர்த்துவது. இந்தப் பக்கம் 2023 ஜூன் முதல் இந்தியாவில் விற்பனையாகும் ஐந்து கதவு மாருதி சுசூகி ஜிம்னியை மனதில் வைத்து எழுதப்பட்டது. மூன்று கதவு ஜேபி74 ஜிம்னிக்கும் வேலை முறை இதேதான். பொருத்தும் ஸ்பிரிங் மட்டும் வேறு.

லிஃப்ட் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ.யிலிருந்து 260 ஆகிவிடுமா?

ஆகாது. பணம் கட்டும் முன் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைத்து ஒரே கட்டையாக இருக்கும் ரிஜிட் ஆக்ஸில். ஆக்ஸில் சக்கரத்தோடு சேர்ந்தது, ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருப்பது. உயரமான ஸ்பிரிங்கைப் போட்டால் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். ஆக்ஸிலில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளி அந்தக் கூடுதான் என்பதால், தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூட மாறாது. அதை உயர்த்த வேண்டுமென்றால் பெரிய டயர் ஒன்றுதான் வழி.

அப்படியானால் லிஃப்டால் என்ன பலன்?

கோணங்கள் கூடும், வயிறு மேலே போகும். ஐந்து கதவு ஜிம்னியின் அப்ரோச் கோணம் (முன்பக்கம் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு) 36 டிகிரி, டிப்பார்ச்சர் கோணம் (பின்பக்கம் இடிக்காமல் இறங்கக்கூடிய சரிவு) 50 டிகிரி. இரண்டுமே தாராளம். இடிப்பது நடுவில்தான். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம்) 2,590 மி.மீ. என்பதால் பிரேக்ஓவர் கோணம் 24 டிகிரிதான் வருகிறது. கூர்மையான மேட்டைத் தாண்டும்போது முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறுவதற்குள் நடு வயிறு தட்டும். 50 மி.மீ. லிஃப்ட் இந்தக் கோணத்தை ஏறத்தாழ 3 முதல் 4 டிகிரி வரை கூட்டுகிறது. ஐந்து கதவு வண்டிக்கு லிஃப்ட் போட இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இரண்டாவது பலன், பெரிய டயருக்கு இடம். மூன்றாவது, நல்ல ஷாக் அப்சார்பர் சேர்ந்து வந்தால் சக்கரம் கீழே தொங்கும் தூரம் கூடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது டயர் தரையை விடாமல் இருக்கும்.

நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு இவை எதுவும் பயன்படாது. ஈர்ப்பு மையம் மேலேறும், திருப்பங்களில் சாய்வு கூடும். அந்த வண்டிக்கு லிஃப்ட் வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில்.

சட்டப்படி இது சரியா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் தந்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே பொதுச்சாலையில் ஓடும் வண்டி என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். "எல்லோரும் போட்டிருக்கிறார்கள்" என்பது அங்கே செல்லாது.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பிறகு கிளெய்ம் மறுக்கப்படக் காரணமாகலாம். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) தொடர்பான வாரன்டியும் கேள்விக்குறியாகும். இந்தப் பக்கத்தில் உள்ள வேலை முறை, தனியார் எஸ்டேட், ஆஃப்ரோடு தளம் போன்ற இடங்களில் ஓடும் வண்டிக்கும், முறையான அனுமதி பெற்ற வண்டிக்கும் உரியது.

30, 40, 50, 75 மி.மீ. கிட்கள் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

30 மி.மீ. வரை பெரும்பாலும் ஸ்பிரிங், ஷாக் மாற்றினால் போதும், வேறு திருத்தம் அதிகம் தேவைப்படாது. 40-ஐத் தாண்டினால் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, விளக்கம் கீழே) திருத்தம் கட்டாயம். 50-தான் நாங்கள் சொல்லும் எல்லை. 75-க்குப் போனால் லேட்டரல் ராடுகள் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பிகள்), ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸிஸோடு நீளவாக்கில் இணைக்கும் கை), பிரேக் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். அவ்வளவு செய்தும் பக்கவாட்டுச் சரிவில் வண்டி முன்பு தந்த நம்பிக்கையைத் தராது. குறுகலான வண்டி இது. உயரம் கூடக்கூட அந்தக் குறுகல் உங்களுக்கு எதிராக வேலை செய்யும்.

எடையையும் பாருங்கள். ஐந்து கதவு ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. மூன்று கதவு வண்டி அதைவிட இலேசு. மூன்று கதவுக்கு "50 மி.மீ." என்று விற்கும் ஸ்பிரிங் ஐந்து கதவில் அத்தனை உயரம் தராது. அதேபோல் இரும்பு பம்பரும் வின்ச்சும் உள்ள வண்டிக்கான முன் ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்குப் போட்டால் 50 என்றது 65 ஆகும், சின்னப் பள்ளத்திலும் முன்பக்கம் துள்ளும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த ஸ்பிரிங் எந்த எடைக்கு எத்தனை மில்லிமீட்டர்?" இதற்கு எண்ணாகப் பதில் வராத கிட்டை வாங்காதீர்கள்.

ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்தால் மலிவாக முடியுமே?

முடியும். ஆனால் பழைய ஷாக்கின் நீளம் அப்படியே இருக்கும். வண்டி 30 மி.மீ. மேலே நின்றால், ஷாக் கீழே விரியும் தூரத்தில் அதே 30 போய்விடும். வேகத்தடையைத் தாண்டியதும் அடியில் "டக்" என்று ஒரு சத்தம் வரும். ஷாக் முழுதும் விரிந்து உள்ளே முட்டும் சத்தம் அது. அப்படி முட்டி முட்டியே ஷாக்கின் உள் சீல் போகும். 20 மி.மீ.க்கு மேல் ஸ்பேசரைப் பரிந்துரைக்க மாட்டோம்.

முழு கிட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஸ்பிரிங் 4, நீளமான ஷாக் 4. காஸ்டர் திருத்தத்துக்கு ஆஃப்செட் புஷ் (ஆர்மில் உட்காரும், துளை ஓரமாக உள்ள மெத்தை வளையம்) 4 அல்லது மாற்று ரேடியஸ் ஆர்ம் 2. பிரேக் குழாய்களை இறக்கிப் பொருத்தும் பிராக்கெட்டுகள் அல்லது நீளமான குழாய்கள். பம்ப் ஸ்டாப்புக்கு (ஆக்ஸில் அளவுக்கு மேல் எழாமல் தடுக்கும் கட்டை) நீட்டிப்பு. ஸ்டெபிலைசர் பாருக்கு (திருப்பத்தில் சாய்வைக் குறைக்கும் கம்பி) நீளமான லிங்க் அல்லது இறக்கும் கட்டை. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய லேட்டரல் ராடு முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.

கடைசியில் சொன்ன ராடு 50 மி.மீ.க்குக் கட்டாயமில்லை. பம்ப் ஸ்டாப் நீட்டிப்பு கட்டாயம். நீளமான ஷாக் மூடியிருக்கும் நிலையிலும் பழையதைவிட நீளமாகவே இருக்கும். பம்ப் ஸ்டாப் முதலில் தொட வேண்டும், ஷாக் அதற்குப் பிறகும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். இது தலைகீழானால் ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் வண்டியின் முழு எடையும் ஷாக்கின் தலையில் விழும். மேல் மவுன்ட் கிழிவது அப்படித்தான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்? எவ்வளவு நேரம் ஆகும்?

டிராலி ஜாக் 2, மூன்று டன் ஜாக் ஸ்டாண்ட் 4, சக்கரத்துக்கு அணை கொடுக்கக் கட்டைகள், 10 முதல் 24 வரை பாக்ஸ் ஸ்பானர் செட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், ராட்செட் பட்டை ஒன்று, துரு இளக்கும் ஸ்பிரே. ஆஃப்செட் புஷ் போடுவதென்றால் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். ஆர்மைக் கழற்றிப் பக்கத்து லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே சுலபம். சுத்தியலால் அடித்து இறக்கினால் புஷ்ஷின் வெளிவளையம் நசுங்கும்.

பழகிய இருவருக்கு ஆறு மணி நேரம். முதல்முறை என்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் உப்புக்காற்றுத் துரு இருக்கும். முந்தின நாள் மாலையே எல்லா போல்ட்டுக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் மறுநாள் பாதிச் சண்டை மிச்சம்.

கழற்றும் முன் எதை அளக்க வேண்டும்?

சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் காற்று இரண்டு பவுண்டு குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும். பிறகு டயரின் வெளிப்பக்கம் ஃபெண்டருக்கு எத்தனை மி.மீ. உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்று இருபக்கமும் குறியுங்கள். லேட்டரல் ராடு கேள்வி வரும்போது இந்த எண் இல்லாவிட்டால் ஊகத்தில்தான் பேச வேண்டும். ஸ்டியரிங் நேராக இருக்கும் நிலையில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

முன்பக்க வேலையை வரிசையாகச் சொல்லுங்கள்.

பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். வண்டியைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டுகளைச் சேஸிஸின் கீழ், ரேடியஸ் ஆர்ம் சேஸிஸைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். பிரேக் பைப்பும் எரிபொருள் பைப்பும் சேஸிஸை ஒட்டி ஓடும் இடம் அது. ஸ்டாண்டின் தலை அவற்றை நசுக்காமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சக்கரங்களைக் கழற்றி, ஆக்ஸிலுக்குக் கீழே டிராலி ஜாக்கை முட்டுக்கொடுங்கள்.

அடுத்து ஆக்ஸில் இறங்கத் தடையாக இருக்கும் ஒவ்வொன்றையும் விடுவிக்க வேண்டும். பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட், ஏபிஎஸ் வயரின் கிளிப்புகள், ஸ்டெபிலைசர் லிங்க், லேட்டரல் ராடின் ஒரு முனை, ஷாக்கின் கீழ் போல்ட், பிறகு மேல் நட். மேல் நட்டைத் திருப்பும்போது ராடும் சேர்ந்து சுற்றினால் அதன் நுனியைச் சின்ன ஸ்பானரால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். ராடின் பளபளப்பான பகுதியை பிளையரால் பிடித்தால் அந்தக் கீறல் சீலை அறுக்கும். ரேடியஸ் ஆர்ம் போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம்.

டிராலி ஜாக்கை மெதுவாக இறக்குங்கள். ஒருவர் ஜாக்கிடம், மற்றவர் பிரேக் குழாயையும் ஏபிஎஸ் வயரையும் பார்த்தபடி. ஆக்ஸிலின் எடை எந்த நேரத்திலும் குழாயில் தொங்கக்கூடாது. ஸ்பிரிங் தளர்ந்ததும் கையாலேயே வெளியே வரும். ஜிம்னியில் பெரும்பாலும் ஸ்பிரிங் கம்ப்ரசர் தேவைப்படாது.

மேல் ரப்பர் சீட்டைத் துடைத்துப் புது ஸ்பிரிங்கில் பொருத்துங்கள். ஸ்பிரிங் கம்பி முடியும் நுனி, கீழ்த் தட்டில் அதற்கென்று உள்ள தடுப்பில் சரியாக உட்கார வேண்டும். அரை விரல் தள்ளி உட்கார்ந்தால் முதல் பெரிய பள்ளத்தில் சுழன்று உட்காரும், உயரம் மாறும், ஒவ்வொரு திருப்பத்திலும் "கடக்" என்று சத்தம் போடும். இடது, வலது ஸ்பிரிங் வேறு வேறு என்றால் கிட்டில் குறி இருக்கும். குறி இல்லையென்றால் இரண்டையும் தரையில் நிறுத்தி அளந்து பாருங்கள். உயரம் கூடினது ஓட்டுநர் பக்கம்.

ஆக்ஸிலை உயர்த்தி, ஷாக்கைப் பூட்டி, எல்லா போல்ட்டையும் கையால் நுழைத்து விடுங்கள். புஷ் வழியாகப் போகும் எந்த போல்ட்டையும் இப்போது இறுக்கக் கூடாது. லேட்டரல் ராடின் துளை இப்போது நேராக வராது. சக்கரத்தைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்கி, உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இருபுறமும் திருப்பினால் துளை வந்து சேரும். சேராவிட்டால் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே ராட்செட் பட்டையைப் போட்டு இழுங்கள்.

பின்பக்கத்தில் என்ன வித்தியாசம்?

ஸ்டியரிங் இல்லாததால் வேலை சுலபம். கவனிக்க வேண்டியவை மூன்று. ஹேண்ட்பிரேக் கேபிள் டிரம்முக்குப் போவதால், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள், கேபிளின் பிராக்கெட்டையும் கழற்றுங்கள். டிஃபரன்ஷியலின் மூச்சுக் குழாய் ஆக்ஸில் இறங்கும்போது பிடுங்கிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஆற்றைக் கடக்கும் முதல் நாளே தண்ணீர் புகுந்து ஆக்ஸில் ஆயில் பால் போலாகிவிடும். மூன்றாவது, நடுவில் வரும் பிரேக் குழாய். அதைத் தாங்கும் பிராக்கெட்டை இறக்கிப் பொருத்தாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

புஷ் போல்ட்டுகளை எப்போது இறுக்குவது? ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நின்று, பம்பரைப் பிடித்து நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகுதான்.

இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டப்பட்டது. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும், அதன்பின் எல்லா அசைவும் ரப்பரின் முறுக்கத்தில்தான் நடக்கும். ஆக்ஸில் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையைத் தொட்டதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நின்றிருக்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. சில மாதங்களில் ரப்பருக்கும் உள்குழாய்க்கும் நடுவே பிறை வடிவில் ஒரு வெடிப்பு தெரியும். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெடிப்பின் ஓரத்தில் கருப்பு ரப்பர் தூள் உதிர்ந்திருக்கும். "லிஃப்ட் போட்டதும் புஷ் சீக்கிரம் போகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பான்மை இந்த ஒரு தவறுதான்.

ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய டார்க் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, அதன்படியே இறுக்குங்கள். சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர்.

காஸ்டர் என்றால் என்ன? ஏன் திருத்த வேண்டும்?

முன்சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால், மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். திருப்பிய ஸ்டியரிங்கைக் கைவிட்டதும் தானாக நேராக வருவது இதனால்தான்.

ஜிம்னியின் ரேடியஸ் ஆர்ம் ஆக்ஸிலை இரண்டு புஷ்ஷால் இறுகப் பிடித்திருக்கிறது. சேஸிஸ் உயரும்போது ஆர்மின் பின்முனையும் உயரும், ஆர்மோடு சேர்ந்து ஆக்ஸிலும் முன்னோக்கி உருளும். சாய்வு குறையும். எவ்வளவு குறையும் என்பதை நீங்களே கணக்கிடலாம்: ஆர்மின் நீளத்தை அளந்து, லிஃப்ட் உயரத்தை அதனால் வகுத்து 57.3-ஆல் பெருக்குங்கள். ஆர்ம் 700 மி.மீ. என்றால் 50 மி.மீ. லிஃப்ட்டுக்கு 4 டிகிரி போகிறது. ஒரு வண்டிக்கு இது மிகப் பெரிய இழப்பு. ஸ்டியரிங் இலேசாகி, 80 கி.மீ. வேகத்தில் லாரியைத் தாண்டும்போது வண்டி எந்தப் பக்கம் போகலாம் என்று யோசிப்பது போல் மிதக்கும்.

திருத்த மூன்று வழி. ஆஃப்செட் புஷ் மலிவு. ஆனால் பாலியூரித்தேன் என்பதால் விறைப்பு, ஆக்ஸில் முறுக்கும் தூரம் கொஞ்சம் குறையும். மாற்று ரேடியஸ் ஆர்ம் விலை கூட, மிகச் சுத்தமான தீர்வு. சேஸிஸ் முனையை இறக்கும் பிராக்கெட் மூன்றாவது. அது கோணத்தைச் சரியாக்கும், ஆனால் உயர்த்திய வயிற்றிலிருந்து ஒரு இரும்பைக் கீழே தொங்கவிட்டு, எதற்காக லிஃப்ட் போட்டோமோ அதையே கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிடும். பாறை ஏறுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆஃப்செட் புஷ்ஷை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது?

துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும். ஆக்ஸிலின் முன்பக்கப் புஷ்ஷில் துளை மேலே, பின்பக்கப் புஷ்ஷில் துளை கீழே. இப்படி வைத்தால் ஆக்ஸிலின் முன்பகுதி உயர்ந்து பின்பகுதி தாழும், அச்சின் மேல்முனை பின்னால் சாயும். தலைகீழாக வைத்தால் ஏற்கெனவே போன நான்கு டிகிரியோடு இன்னும் சில டிகிரி போகும். லேத் பட்டறையில் கொடுக்கும்போதே ஆர்மில் "முன்", "மேல்" என்று பெயின்டால் எழுதிக் கொடுங்கள். அழுத்திய பிறகு எடுத்தால் புஷ் வீண்.

லிஃப்ட் போட்டதும் 60-70 வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. ஏன்?

லிஃப்ட் இந்த உதறலை உண்டாக்குவதைவிட, ஒளிந்திருந்த தேய்மானத்தை வெளிக்காட்டுவதுதான் அதிகம். சோதிக்கும் வரிசை: முதலில் டயர் காற்றும் வீல் பேலன்சும். பிறகு லேட்டரல் ராடின் இரு முனைகள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை வேகமாகச் சிறிது இடவலம் ஆட்ட, மற்றவர் ராடின் முனையில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு சிறு தட்டல் விரலில் பட்டாலும் அதுதான் குற்றவாளி. அடுத்து கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்), டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டியரிங் கம்பி) முனைகள், வீல் பேரிங். பிறகு காஸ்டர் அளவு.

ஸ்டியரிங் டேம்பரை (ஸ்டியரிங்கின் அதிர்வை அடக்கும் ஷாக்) கடைசியாகப் பாருங்கள். தடிமனான புது டேம்பர் உதறலை மூடி மறைக்கும், காரணம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். டேம்பர் மட்டும் மாற்றி "சரியாகிவிட்டது" என்று வண்டியைத் திருப்பித் தரும் வேலையை ஏற்காதீர்கள்.

ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கிறது, இஎஸ்பி (வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) விளக்கும் எரிகிறது.

வண்டி உயர்ந்ததால் டிராக் லிங்க்கின் (ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) கோணம் மாறி, ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. வண்டி நேராக ஓடுகிறது, ஆனால் ஸ்டியரிங் கோண சென்சார் "திருப்பிக்கொண்டிருக்கிறார்" என்று சொல்கிறது. இரண்டும் பொருந்தாததால் விளக்கு. ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுவது தவறான தீர்வு, சென்சார் அப்படியேதான் இருக்கும். டிராக் லிங்க்கின் அட்ஜஸ்டரைத் தளர்த்தி அதன் நீளத்தை மாற்றி நேராக்குங்கள், லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள். விளக்கு அணையாவிட்டால் ஸ்கேனரில் சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது. இது ஆபத்தா?

லேட்டரல் ராடின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். உயரம் மாறினால் அது வட்டப் பாதையில் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுக்கும். 50 மி.மீ.க்கு ராடின் ஆரம்பச் சாய்வைப் பொறுத்து 2 முதல் 8 மி.மீ. வரை எதிர்பார்க்கலாம். அந்த அளவு ஓட்டத்தைக் கெடுக்காது. 10 மி.மீ.க்கு மேல் என்றால், அல்லது முன் ஆக்ஸில் ஒரு பக்கமும் பின் ஆக்ஸில் எதிர்ப்பக்கமும் தள்ளியிருந்தால் அட்ஜஸ்ட் ராடு போடுங்கள்.

பிரேக் குழாய் போதுமா என்று எப்படி உறுதி செய்வது?

சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, புது ஷாக் முழுதும் விரியும்வரை ஆக்ஸிலைத் தொங்கவிடுங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுதும், பிறகு வலப்பக்கம் முழுதும் திருப்பிப் பாருங்கள். இரு நிலையிலும் குழாய் விரலால் அமுக்கினால் வளைய வேண்டும். கயிறு போல் விறைத்தால் நீளமான குழாய் போடாமல் ஓட்டக்கூடாது. பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கில் உயர்த்தி, குழாய் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசுகிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ் வயருக்கும் இதே சோதனை. நேராக நிற்கும் வண்டியில் பார்த்துவிட்டு "போதும்" என்று முடிவெடுப்பது பிரேக்கோடு விளையாடுவது. குழாய் மாற்றினால் நான்கு சக்கரத்துக்கும் காற்று எடுக்க வேண்டும்.

அலைன்மென்ட்டில் என்ன கேட்க வேண்டும்?

டோ (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் எண்ணையும் அச்சிட்டுக் கேளுங்கள். இடது, வலது காஸ்டர் வித்தியாசம் தெரிய வேண்டும். கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) இந்த ரிஜிட் ஆக்ஸிலில் திருப்பிச் சரிசெய்ய இடமில்லை. அது தவறாக இருந்தால் வளைந்த ஆக்ஸிலையோ தேய்ந்த கிங்பின் பேரிங்கையோதான் தேட வேண்டும்.

ஹெட்லைட்டைத் தொட வேண்டுமா?

கட்டாயம். எதிரே வருபவரின் கண் சம்பந்தப்பட்டது. முன்பக்கம் பின்பக்கத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக உயர்ந்தால், 2,590 வீல்பேஸில், 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் சுமார் 10 செ.மீ. மேலே ஏறும். அதோடு விளக்கே 50 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்கோடு விளக்கின் நடு உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி திருத்துங்கள்.

எந்த டயர் போடலாம்?

ஒரிஜினல் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. 215/75 ஆர்15 என்றால் 703, லிஃப்ட் இல்லாமலே பொருந்தும். 235/75 ஆர்15 என்றால் 733. டிஃபரன்ஷியலுக்குக் கீழே 20 மி.மீ. கிடைக்கும். ஆனால் முழுதும் திருப்பும்போது, வீலின் ஆஃப்செட்டைப் பொறுத்து, ரேடியஸ் ஆர்மிலோ பம்பர் ஓரத்திலோ உரசலாம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் முன்பைவிட 6 சதவீதம் கூட இருக்கும். 1.5 லிட்டர் என்ஜினுக்கு மலையேற்றத்தில் பாரமும் தெரியும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் அதன் கீலுக்கும் எடை கூடும். 215 போதும் என்பது எங்கள் கருத்து.

4 ஹையில் (நான்கு சக்கர இயக்கத்தில்) போட்டால் மட்டும் அடியில் அதிர்வு வருகிறது.

முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம். காஸ்டரைத் திருத்தும்போது ஆக்ஸில் பின்னால் உருள்கிறது, அதனால் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் பல்சக்கரம்) கீழே பார்க்கிறது, யூனிவர்சல் ஜாயின்ட்டின் கோணம் கூடுகிறது. காஸ்டரும் பினியன் கோணமும் ஒன்றோடொன்று இழுபறி. 50 மி.மீ.யில் இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் கிடைக்கும். 75-இல் கிடைப்பது கடினம். நாங்கள் 50-இல் நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடித்த பிறகு எப்போது மறுபடி பார்ப்பது?

50 முதல் 100 கி.மீ.க்குள் சக்கர நட்டுகள். 500 கி.மீ.யில் கழற்றிய எல்லா போல்ட்டும், மறுபடி வண்டி தரையில் நிற்கும் நிலையில். ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் 5 முதல் 10 மி.மீ. வரை உட்காரும், அது இயல்பு. 1,000 கி.மீ.யில் உயரத்தை அளந்து, ஹெட்லைட்டையும் அலைன்மென்ட்டையும் ஒருமுறை பாருங்கள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தால், தளர்ந்ததைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

மாருதி ஜிப்ஸிக்கும் மஹிந்திரா தாருக்கும் இதே முறையா?

இல்லை. ஜிப்ஸியில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், அதுவும் ஆக்ஸிலுக்குக் கீழே. ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றினால் ஐந்து அங்குலம் உயரும். ஆனால் ஆக்ஸிலில் புதிதாக வெல்டிங், ஸ்டியரிங் லிங்க் மாற்றம், பிரேக் குழாய் எல்லாம் சேரும். ஷேக்கிளை (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) நீட்டினால் நீட்டியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும், முன்பக்கத்தில் காஸ்டரும் குறையும். 2020-க்குப் பிந்தைய தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன். அங்கே உயர்த்தினால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், பால் ஜாயின்ட் இரண்டின் கோண எல்லைதான் முதலில் முட்டும். ரிஜிட் ஆக்ஸில் கணக்கு எதுவும் அங்கே செல்லாது.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

விற்காதீர்கள். பதிவு புதுப்பிக்கும்போதோ வண்டியை விற்கும்போதோ பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டிவரும். ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் துணி டேப் சுற்றி "முன் இடது", "பின் வலது" என்று எழுதுங்கள். ஷாக்குகளைப் படுக்கவைக்காமல், பொருத்தியிருந்த வாக்கிலேயே நிமிர்த்தி வையுங்கள். போல்ட்டுகளை எண்ணெய் தடவி, எந்த இடத்தினது என்று எழுதிய தனித்தனிப் பைகளில் போட்டு, ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.